ஆங்கில இலக்கியப் படிப்பும் எழுத்துப் பயிற்சியும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் யாமாகத் தேடிக்கொண்டதன்று. சென்ற மாதம் நம் சங்கத்தின் கல்வி உதவிக் கமிட்டி கூடியபோது பதினேழு விண்ணப்பங்கள் வந்திருந்தன. பதினாறு விண்ணப்பங்கள் அரைமணி நேரத்தில் தீர்ந்தன. பதினேழாவது, தறி நெய்யும் ஒருவருடைய மகள் அனுப்பியது. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படிக்க அப்பெண் உபகாரச் சம்பளம் கேட்டிருந்தாள். அந்த ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரமாயிற்று, முடிவும் ஏற்படவில்லை. கமிட்டியில் வயதாலும் ஈகையாலும் நம் எல்லோருக்கும் மூத்தவராகிய ஒரு பெரியவர், “இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டுமென்றால் ஆறு மாதப் பழக்கம் போதாதா? வெள்ளைக்காரன் பாட்டையும் நாடகத்தையும் மூன்று வருஷம் படித்து நம் பெண் என்ன செய்யப்போகிறாள்? இது ஊரார் காசு அல்லவா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. ஊரார் காசுதான். ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் தறிக்குழியில் இறங்கிக் கால் மரத்துப்போக மிதித்துச் சேர்த்ததுதான். ஆதலின் அவர் கேள்விக்கு விடை சொல்லவேண்டிய கடமை, அவ்விலக்கியத்தையே படித்துப் பிழைக்கும் எமக்கு உண்டென்று கருதி, இம்மேடையில் அநுமதி கேட்டு நிற்கின்றோம்.

முதலில் ஒரு செய்தி. இந்தக் கேள்வியை முதன்முதல் கேட்டவர் நம் பெரியவர் அல்லர்; ஆங்கிலேயரே கேட்டனர். தங்கள் தாய்மொழியின் இலக்கியத்தைச் சர்வகலாசாலையில் ஒரு பாடமாக வைப்பதற்கு அவர்கள் பட்டபாடு கொஞ்சமன்று. ஆக்ஸ்போர்டு எத்தனை நூற்றாண்டுப் பழமையுடையது என்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்ட வகுப்பு ஏற்பட்டது 1894-ஆம் ஆண்டில்தான். 1887-இல் அதனைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, அங்குச் சரித்திரப் பேராசிரியராயிருந்த ஃப்ரீமன் என்பவர் கடுமையாக எதிர்த்தார். ரசனையைப் பரீட்சித்து மதிப்பெண் போட முடியாது என்பது அவருடைய வாதம். கேம்பிரிட்ஜில் ஆங்கிலத்துக்கெனத் தனிப் பரீட்சை 1917-இல் ஏற்பட்டது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1857-இல், சென்னைச் சர்வகலாசாலை தோன்றிவிட்டது.

அப்படியானால் அதற்குமுன் ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகப் படித்தவர் யார்? இதுதான் நம்மவர் கவனிக்கவேண்டிய இடம். ஆங்கில நாட்டுப் பிரபுக்களின் மக்கள் கிரேக்கமும் லத்தீனும் படித்தார்கள். அவை பரம்பரைச் சொத்து. அச்சொத்து இல்லாதவர்கள் ஆங்கிலம் படித்தார்கள். ஸ்காத்லாந்திலே எடின்பரோவில் 1762-இல் ஹியூ பிளேர் என்னும் பாதிரியாருக்கு அணியிலக்கணமும் நல்லிலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியபீடம் அளிக்கப்பட்டது. அக்காலத்து ஸ்காத்லாந்தார் தம் பேச்சிலும் எழுத்திலும் நாட்டுப்புற வாடை வீசுகிறதே என்று லண்டன்காரர் முன் நாணிக்கொண்டிருந்தவர்கள். 1828-இல் லண்டனில் புதிய கலாசாலை ஒன்று திறக்கப்பட்டது. ஆங்கிலத் திருச்சபையைச் சாராதவர்களுக்கு ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பட்டம் தராத காலம் அது. அப்படித் தள்ளப்பட்டவர்களும் படிக்க அமைந்த அக்கலாசாலையில்தான் தாமஸ் டேல் என்பவர் இங்கிலாந்தின் முதல் ஆங்கிலப் பேராசிரியராக அமர்ந்தார். பின்பு லண்டனில் ஆங்கில இலக்கியமும் சரித்திரமும் கற்பித்த பிரெடெரிக் டெனிசன் மாரிஸ் என்னும் பேராசிரியர், 1848-இல் பெண்களுக்கென ஒரு கல்லூரியும், 1854-இல் தொழிலாளருக்கென ஒரு கல்லூரியும் தோன்ற முன்னின்றார். வீட்டில் நூல்நிலையம் இல்லாதவர்களும், பாட்டன் பட்டதாரி அல்லாதவர்களும், பெண்களும், கைத்தொழிலாளரும் படித்த படிப்பாகவே இது வளர்ந்தது. ‘இது பெரிய இடத்துப் படிப்பு, நமக்கு எதற்கு?’ என்று நம்மவரில் சிலர் ஒதுங்குவதைக் காணும்போது எமக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. பெரிய இடத்தார் தமக்கு வேண்டாமென்று நெடுங்காலம் தள்ளிவைத்த படிப்பு இது.

படித்தவருள் இன்னொரு பெருங்கூட்டம் உண்டு. அது நாம். 1835-இல் மெக்காலே எழுதிய குறிப்பைப் பற்றி மேடைதோறும் கேட்டிருப்பீர்கள். அதனை மீண்டும் விரிக்கவில்லை. ஆனால் அவரே தலைமை வகித்த ஒரு கமிட்டி 1854-இல் கொடுத்த அறிக்கையைப் பற்றி அதிகமாகப் பேசுவாரில்லை. இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டிப் பரீட்சை வைத்து ஆளெடுக்க வழிவகுத்த அறிக்கை அது. மொத்தம் 6875 மதிப்பெண். அதில் கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750, ஆங்கில இலக்கியம், சரித்திரம், கட்டுரை ஆகியவற்றுக்கு 1500. கிரேக்கமும் லத்தீனும் சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு ஆங்கிலத்துக்கு! சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தமிழுக்கு அத்திட்டத்தில் இடமே இல்லை. ஆக்ஸ்போர்டு மதிக்காத ஆங்கில இலக்கியத்துக்கு இந்தியாவை ஆளும் பரீட்சையில் முதலிடம் கிடைத்தது. இந்த வேடிக்கையை 1989-இல் கௌரி விசுவநாதன் என்னும் அறிஞர் ஒரு தனி நூலாகவே எழுதி, ஆங்கில இலக்கியம் பாடமாக வேரூன்றியது இங்கிலாந்துக்கு முன்னே இந்தியாவில்தான் என்றும், ஆளுகைக்கு அது ஒரு கருவியாயிற்று என்றும் காட்டினார்.

ஆகவே, இப்படிப்பு நமக்குக் கொடுக்கப்பட்டது நம்மேலுள்ள அன்பினாலன்று என்பதை யாம் மறைக்கவில்லை. குமாஸ்தாக்களும், எஜமானருடைய கண்ணால் உலகைப் பார்க்கும் அடியாரும் வேண்டுமென்று கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தவர் எண்ணியபடியே வாங்கியவர் நடந்தாரா? சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. ஆங்கிலம் படித்துப் பட்டம் பெற்ற அவர் என்ன செய்தார்? ஏட்டில் செல்லரித்துக் கிடந்த தமிழ் நூல்களைத் தேடி எடுத்தார். 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். சுந்தரம் பிள்ளை ஆங்கிலத்தில் லிட்டன் எழுதிய ஒரு கதையை வித்தாகக்கொண்டு 1891-இல் மனோன்மணீயம் இயற்றினார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் படித்த மாதவையா ஆங்கில நாவல்களைக் கற்ற கையோடு 1898-இல் பத்மாவதி சரித்திரத்தைத் தமிழில் எழுதி, நம் வீடுகளில் பெண்கள் படும் பாட்டை அதில் வைத்தார். ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்று அஞ்சுவோர்க்கு இம்மூவரும் போதும் என்று நினைக்கிறோம். எனினும் அவ்வச்சத்தைப் பற்றிப் பின்னும் ஒரு சொல் சொல்லவேண்டியிருக்கிறது.

இனி, இப்படிப்பிலுள்ள நோயைச் சொல்லியாகவேண்டும். அதைச் சொல்லாமல் உங்கள் காசைக் கேட்பது நேர்மையன்று.

நோய் யாதெனின், நெட்டுருப் போடுதல். யாம் எம்.ஏ. படித்த காலத்தில் எம் கையில் நூல் இருந்ததைவிட நூலுக்கு எழுதிய ‘நோட்ஸ்’ இருந்ததே அதிகம். ஐந்தாண்டு வினாத்தாளைப் புரட்டினால் வருகிற வினா தெரிந்துவிடும். ‘ஹாம்லெட் ஏன் தாமதித்தான்?’ என்ற வினாவுக்குப் பதினொரு பக்க விடை எமக்கு மனப்பாடம். அதனை எழுதி முதல் வகுப்பும் வாங்கினோம். வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒரு முதியவர் வந்திருந்தார். அவர் தாமதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. “அந்நாடகத்தில் உமக்குச் சிரிப்பு வந்த இடம் எது?” என்றார். யாம் மிக்க கம்பீரத்துடன், “அது துன்பியல் நாடகம், ஐயா; அதில் சிரிப்புக்கு இடமில்லை” என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை அசைத்து எம்மை அனுப்பிவிட்டார். அறைக்கு வந்தபின் ஏதோ உறுத்தவே, நோட்ஸை ஒதுக்கிவிட்டு நாடகத்தை முதன்முறையாக முதலிலிருந்து கடைசிவரை வாசித்தோம். ஐந்தாம் அங்கத்துத் தொடக்கத்திலேயே குழிவெட்டிகள் இருவர் மண்டையோடுகளுக்கு நடுவே நின்று கேலி பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னும் எத்தனையோ இடங்கள். சிரித்தோம், அதைவிட அதிகமாக வெட்கினோம். எம் பட்டத்தின் பெறுமானம் எமக்கு அன்றே தெரிந்துவிட்டது.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டா. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் ஆசிரியர் ஒரு சோதனை செய்தார். பாட்டுக்களை அச்சிட்டு, எழுதியவர் பெயரையும் காலத்தையும் நீக்கிவிட்டு மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு வாரம் வைத்திருந்து, மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுதித் தரச் சொன்னார். டன், ஹாப்கின்ஸ், லாரன்ஸ் போன்றோர் பாட்டும் அவற்றில் இருந்தன. பெயரற்றுப் போகத்தக்க பாட்டுக்களும் இருந்தன. பதின்மூன்று பாட்டுக்களுக்கு வந்த விடைகளை 1929-இல் ஒரு நூலாக வெளியிட்டபோது ஆங்கில நாடே திகைத்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடைய, உயர்ந்த பள்ளிகளில் படித்த மாணவர் பலருக்குப் பாட்டின் நேர்ப்பொருளே பிடிபடவில்லை! பெயர் தெரியாதபோது பெரும்புலவரை இகழ்ந்தார்கள். மட்டமான பாட்டைப் புகழ்ந்தார்கள். பாட்டில் உள்ளதைக் காணாமல், தம் மனத்தில் முன்பே இருந்ததையே பாட்டில் கண்டார்கள். அந்நூலுக்குப்பின் இலக்கியம் கற்பிக்கும் முறையே பல நாடுகளில் மாறிற்று. சொல்லை ஒவ்வொன்றாக நின்று பார்க்கும் வழக்கம் வந்தது. அவரிடம், கணக்குப் பாடத்தை விட்டு இலக்கியத்துக்கு மாறிவந்த எம்ப்ஸன் என்னும் மாணவர், ஒரு சொல் எத்தனை பொருளுக்கு இடங்கொடுக்கும் என்று ஆராய்ந்து தொடங்கிய கட்டுரை 1930-இல் பெருநூலாகவே வெளிவந்தது. பரிமேலழகர் உரையையும் நச்சினார்க்கினியர் உரையையும் படித்துப் பழகியவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. நம் உரையாசிரியர்கள் செய்ததும் இதுவே. நாம்தான் அதனை விட்டுவிட்டுச் சாரம் தேட ஆரம்பித்தோம்.

இச்சோதனையைச் சென்ற கோடையில் நம் சங்கத்து வாசகசாலையில் யாமும் செய்துபார்த்தோம். வந்தவர் ஒன்பது பேர். எல்லோரும் நம் வீட்டுப் பிள்ளைகள். ஹாப்கின்ஸ் 1880-இல் எழுதிய ஒரு சிறு பாட்டைப் பெயரின்றிக் கொடுத்தோம். இலையுதிர்காலத்தில் மரங்கள் மொட்டையாவதைக் கண்டு அழும் ஒரு சிறுமியை நோக்கி, வயதில் மூத்த ஒருவர் பேசுவதாக அமைந்தது அது. ஆங்கிலம் கடினம், புலவர் தாமே கட்டிய சொற்களும் உண்டு. அகராதி இருந்தது, கைப்பேசிகளை வாங்கி ஓர் அலமாரியில் பூட்டிவிட்டோம். எட்டுப் பேர் இயற்கையின் அழகைப் பற்றி எழுதினார்கள். இயற்கை வர்ணனை என்றால் அழகு என்று எழுதவேண்டுமென்பது அவர்களுக்குப் பள்ளியிலேயே போட்ட பழக்கம். ஒரு பெண் மட்டும் வேறுவிதமாக எழுதினாள். அவள் ஆங்கிலத்தில் பிழை நிறைய இருந்தது. அதனைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘எங்கள் வீட்டுத் தறியை விறகுக்கு விற்ற அன்று என் தம்பி அழுதான். விளையாடும் இடம் போயிற்றே என்று அழுகிறான் என அம்மா சொன்னாள். பாட்டி, அவன் அழட்டும், இப்போது தெரியாது, பிறகு தெரியும் என்றாள். இந்தப் பாட்டில் பேசுகிறவர் பாட்டியைப் போல. இந்தப் பிள்ளை இலைக்காக அழவில்லை. தனக்காகத்தான் அழுகிறாள். அது அவளுக்கு இன்னும் தெரியவில்லை.’

பெரியோர்களே, அப்பாட்டைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றுள் பலவற்றை யாம் படித்திருக்கிறோம். அதன் உயிர் இருக்கும் இடத்தை அப்பெண் தொட்டுவிட்டாள். அவளுக்கு யாரும் நோட்ஸ் தரவில்லை. கமிட்டிக்கு வந்த பதினேழாவது விண்ணப்பம் அவளுடையதுதான். இதனை அவள் இசைவு பெற்றே சொல்கிறோம்.

அவளுக்கு இப்போது வேண்டியது இரண்டு. ஒன்று, அவ்வாறு வாசிப்பதற்கு அவகாசமும் நூல்களும். மற்றொன்று, கண்டதைப் பிழையின்றி, தெளிவாக எழுதும் பயிற்சி. இவ்விரண்டில் முன்னது நம் கலாசாலைகளில் அரைகுறையாகவேனும் கிடைக்கும். பின்னது அரிது.

எழுதக் கற்பிக்க முடியுமா என்று கேட்பாரும் உளர். ‘எழுத்து பிறவியில் வருவது, சொல்லிக்கொடுத்து வராது’ என்பார்கள். நெசவும் பிறவியில் வருவதென்று நம்மைப் பார்த்துப் பிறர் சொல்லுவதுண்டு. எத்தனை இழை அறுத்து, எத்தனை குட்டு வாங்கி அதனைக் கற்றோமென்பது நமக்கல்லவா தெரியும்! பஞ்சினின்று நூல் நூற்பதையும் சொல்லால் நூல் செய்வதையும் நன்னூலார் பாயிரத்தில் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். இரண்டும் கைப்பழக்கம் என்று அவர் கருதியதாகவே யாம் கொள்கிறோம்.

கேம்பிரிட்ஜில் ஆங்கிலப் பேராசிரியராக 1912-இல் அமர்ந்த குவில்லர்-கூச் நாவலாசிரியரும் ஆவார். இலக்கியம் கற்பவன் எழுதவும் கற்கவேண்டுமென்ற எண்ணத்தால், எழுத்துக் கலையைப் பற்றியே தொடக்கத்துச் சொற்பொழிவுகளை ஆற்றி 1916-இல் நூலாக்கினார். அமெரிக்காவில் அயோவா என்னும் சோளக்காட்டு மாகாணத்துச் சர்வகலாசாலை, கதையையும் கவிதையையுமே மேற்பட்டத்துக்குரிய ஆராய்ச்சி நூலாக ஏற்றுக்கொள்வதென்று 1922-இல் அறிவித்தது. 1936-இல் அங்கு எழுத்தாளர் பட்டறை தோன்றிற்று. பட்டறை என்ற சொல்லையே அவர்கள் வைத்துக்கொண்டது எமக்கு மிகவும் பிடித்தது. சிலர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் குறைநிறை சொல்லுவார்கள். கேட்பவர் வாய்திறவாமல் கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் திருத்தி எழுதவேண்டும். அவ்வளவுதான் முறை.

அப்பட்டறைக்குத் தென்மாகாணமாகிய ஜார்ஜியாவிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். தலைவராயிருந்த பால் எங்கிளிடம் அவள் ஏதோ சொன்னாள். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவ்வளவு நாட்டுப்புறப் பேச்சு. மும்முறை கேட்டும் விளங்காமையால், சொல்ல வந்ததைக் காகிதத்தில் எழுதித் தருமாறு கேட்டார். தான் பத்திரிகையாளர் அல்லரென்றும், பட்டறையில் சேரலாமா என்றும் அவள் எழுதிக் கொடுத்தாள். அவள் பெயர் ஃப்ளானரி ஓ'கானர். 1947-இல் அங்குப் பட்டம் பெற்றாள். இன்று அமெரிக்கச் சிறுகதையாசிரியரில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுகிறாள். ‘இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் போதாதா?’ என்ற கேள்விக்கு இதைக்காட்டிலும் நல்ல விடை எமக்குத் தெரியவில்லை. பேச்சு வேறு, எழுத்து வேறு. கடைத்தெருவில் மடமடவென்று பேசுகிறவனுக்கு ஒரு பக்கம் எழுதத் தெரியாதிருக்கலாம். பேசும்போது தடுமாறுகிற நம் பெண்ணின் எழுத்தில் ஒரு பெரும் புலவனின் பாட்டுப் பொருள் விளங்கலாம்.

இங்கிலாந்தில் இம்முறை வந்தது பின்பு. 1970-இல் கிழக்கு ஆங்கிலியா சர்வகலாசாலையில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் எழுத்துக்கென எம்.ஏ. வகுப்பைத் தொடங்கினார்கள். முதலாண்டு மாணவர் ஒருவரே. அவர் இயன் மெக்கீவன், பின்னாளில் பெரிய நாவலாசிரியர். அவ்வகுப்பில் 1980-இல் பட்டம் பெற்ற கசுவோ இஷிகுரோ 2017-இல் நோபல் பரிசு பெற்றார். பிறந்தது ஜப்பானில், ஐந்து வயதில் இங்கிலாந்து வந்தவர். நம் அசோகமித்திரனும் 1973-இல் அயோவாவுக்குப் போய்ப் பன்னாட்டு எழுத்தாளருடன் சில மாதம் தங்கியிருந்தார். அதனை வைத்து அவர் எழுதிய ‘ஒற்றன்’ நம் வாசகசாலையில் இருக்கிறது. எடுத்துப் போனவர் தயைசெய்து திருப்பித் தரவேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டு, பட்டறையில் சேர்ந்தவரெல்லாம் எழுத்தாளராவர் என்று நினைக்கவேண்டா. நூற்றில் சிலரே ஆவர். ஆர். கே. நாராயண் எந்தப் பட்டறையிலும் சேரவில்லை. சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையிலேயே தவறி, ஓராண்டு வீட்டிலிருந்து வாசித்தும் எழுதியும் காலங்கழித்தவர். அந்த ஓராண்டுதான் அவருக்குப் பட்டறை என்பது எம் கருத்து. அவகாசமும் புத்தகமும் அவர் வீட்டில் இருந்தன. அவர் தந்தை பள்ளித் தலைமையாசிரியர். நம் வீடுகளில் அவ்விரண்டும் இல்லை. அதற்காகத்தான் சர்வகலாசாலையும் உபகாரச் சம்பளமும்.

நம் மாநிலத்தில் முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம் என்று பட்டப்படிப்பில் எல்லோரும் படிக்கிறார்கள். அப்படிப் படித்தும், விடுமுறை வேண்டி ஒரு கடிதம் எழுதச் சொன்னால் பழைய கடிதத்தைத் தேடுகிறார்கள். எழுதிக் காட்டினால் திருத்திக்கொடுக்க ஆசிரியருக்குப் பொழுதில்லை. ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேர். இப்போதோ, கேட்ட மாத்திரத்தில் கட்டுரை புனைந்து தரும் கணினி யந்திரங்களும் வந்துவிட்டன. நோட்ஸாவது மனப்பாடம் செய்யும் உழைப்பைக் கேட்டது. இது அதையும் கேட்பதில்லை. யாம் யந்திரத்துக்குப் பகைவரல்லோம். விசைத்தறி வந்தபோது திட்டித் தீர்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அறிவோம். ஆனால் துணி விற்பனைக்கு. மாணவன் எழுதும் கட்டுரை விற்பனைக்கன்று. எழுதும்போது அவன் மூளையில் நடப்பதுதான் அங்கே சரக்கு. அதனை யந்திரத்தினிடம் விட்டால் கையில் காகிதம் மிஞ்சும்.

தமிழைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறோம். ஏ. கே. ராமானுஜன் மைசூரில் பிறந்த தமிழர். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பெற்று, மதுரை, பெல்காம், பரோடா முதலிய ஊர்களில் ஆங்கிலமே கற்பித்தவர். 1962-இல் சிக்காகோ சர்வகலாசாலை நூல்நிலையத்தின் நிலவறையில் வேறெதையோ தேடப்போனவர் கையில் ஒரு பழைய புத்தகம் அகப்பட்டது. உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை! தம் வீட்டு மொழியின் தலைசிறந்த செல்வத்தைக் கடல்கடந்த நிலவறையிலே அவர் கண்டார். அன்று தொடங்கிய உழைப்பு 1967-இல் ஆங்கில நூலாக வெளிவந்து, சங்கப் பாட்டை உலகத்துக் கவிஞர்கள் வாசிக்கும்படி செய்தது. குறுந்தொகையை நம்மில் அவரைவிட நன்றாகக் கற்ற புலவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆயினும் ஆங்கிலப் பாட்டு எப்படி நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்தது. 2025-இல் நம் அண்டை மொழியாகிய கன்னடத்திலிருந்து பானு முஷ்தாக்கின் சிறுகதைகளைத் தீபா பாஸ்தி ஆங்கிலமாக்க, சர்வதேசப் புக்கர் பரிசு அந்நூலுக்குக் கிடைத்தது. அப்பரிசுத் தொகை ஐம்பதினாயிரம் பவுன். எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதி. நம் மொழியில் மொழிபெயர்க்கத் தகுந்தவை குவிந்து கிடக்கின்றன. இரு மொழியும் இலக்கியமாகத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இப்படிப்பு முடிந்த மறுநாளே கம்பெனிக்காரன் வீட்டு வாசலில் நிற்பான் என்று யாம் வாக்களிக்கமாட்டோம். ஆசிரிய வேலை, பத்திரிகை, சட்டப் படிப்பு, மொழிபெயர்ப்பு, சர்க்கார் பரீட்சைகள் இவையெல்லாம் திறந்திருக்கின்றன. ஆனால் தானாகக் கதவு திறக்காது. பொறியியல் படித்து வேலையின்றி இருப்பவர்களும் நம் தெருவில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம். மேலும், நம் சமூகத்தில் வைத்தியர்கள் இருக்கிறார்கள், என்ஜினீயர்கள் இருக்கிறார்கள், வியாபாரிகள் இருக்கிறார்கள். நெசவுத் தொழிலின் குறைகளைப் பற்றிச் சர்க்காருக்கு ஒரு மனு எழுதவேண்டுமானால் இன்றைக்கும் வெளியே ஆள் தேடுகிறோம். நம் தறிகள் போன கதையை எழுதியவர்களில் பெரும்பாலோர் தறிக்குழியில் இறங்காதவர்கள்.

ஆகையால் யாம் கமிட்டியின் முன் வைக்கும் வேண்டுகோள் இது. உபகாரச் சம்பளத்துக்குரிய விண்ணப்பத் தாளில் ‘வைத்தியம், பொறியியல், கணக்கியல்’ என்று அச்சிட்டுள்ள இடத்தில் ‘இலக்கியம்’ என்பதையும் சேர்க்கவேண்டும். தமிழிலக்கியமாயினும் ஆங்கிலமாயினும் சரி. சும்மா கொடுக்கவேண்டா. பெறுகிற மாணவர் மாதம் ஒரு பக்கம், தாம் அம்மாதம் வாசித்த ஒரு நூலைப் பற்றித் தமிழில் இப்பத்திரிகைக்கு எழுதவேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எம்மிடம் எழுதிக் காட்டவேண்டும். திருத்தும் வேலையை யாம் ஏற்றுக்கொள்கிறோம். முதலாண்டுக்கு வேண்டிய தொகையில் பாதியை எம் பெயரில் எழுதிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்ட பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் சம்மதமின்றி இது நடக்கவேண்டுமென்று யாம் விரும்பவில்லை. அப்பெண் எழுதிய தாளையும், ஹாப்கின்ஸின் பாட்டுக்கு யாம் செய்த தமிழ் உரையையும் கூட்டம் முடிந்ததும் அவர் கையில் கொடுக்கிறோம். கமிட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறது. அதற்குள் அவர் இரண்டையும் படித்துப் பார்க்கட்டும்.